ஊடுருவல் ஆழத்தை எந்த முறையில் அளப்பது? குப்ரேட் மீகடத்தி ஆய்வில் இறங்கும் மாணவர்களுக்கு ஓர் ஒப்பீடு

காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "சார், ஒய்பிசிஓ பண்ணிட்டோம். காந்தம் மேல மிதக்குது, மின்தடையும் 90 கெல்வின் பக்கம் விழுந்துடுது. அடுத்து காந்த ஊடுருவல் ஆழம் அளக்கலாம்னு கைடு சொல்றார். மியூவான் கற்றைக்கு விண்ணப்பிக்கலாமா, டனல் டையோடு ஆசிலேட்டர் நாமளே கட்டலாமா, இல்ல இருக்கிற ஏசி ஏற்புத்திறன் கருவியிலேயே முடிச்சுடலாமா?"

ஒய்பிசிஓ என்பது இட்ரியம், பேரியம், செம்பு, ஆக்சிஜன் சேர்ந்த ஒரு குப்ரேட், அதாவது செம்பு-ஆக்சைடு மீகடத்தி; போதுமான அளவு குளிர்ந்தால் மின்தடை இல்லாமல் போகும் பொருள். கேட்கும் மூன்று முறையும் நடக்கக்கூடியவைதான். ஆனால் மூன்றும் ஒரே கேள்விக்கு விடை சொல்வதில்லை. உங்கள் கேள்வி எது என்று முடிவு செய்யாமல் கருவியைத் தேர்ந்தெடுத்தால், இரண்டு வருடம் கழித்துக் கையில் வரைபடங்கள் நிறைய இருக்கும். அவற்றிலிருந்து உறுதியாகச் சொல்ல ஒரு வரி இருக்காது. அதனால் முறைகளுக்குப் போகுமுன் அளவுகோல்களைச் சொல்லிவிடுகிறேன்.

எதை அளக்கிறோம்

மீகடத்தி காந்தப்புலத்தை வெளியே தள்ளும் என்று படித்திருக்கிறோம். அந்தத் தள்ளல் விளிம்பிலேயே வெட்டினாற்போல முடிவதில்லை. செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் மழை கொட்டும்போது சாரல் சுற்றுத் தாழ்வாரத்துக்குள் கொஞ்ச தூரம் அடிக்கும். தூண்களின் அடியில் தரை நன்றாக நனைந்திருக்கும். உள்ளே போகப் போக ஈரம் குறைந்து, அறை வாசற்படியில் காய்ந்திருக்கும். காந்தப்புலமும் மீகடத்தியின் மேற்பரப்புக்குள் இப்படித்தான் தேய்ந்துகொண்டே போகிறது. எந்தத் தூரத்தில் அது வெளியே இருந்ததில் ஏறக்குறைய 37 சதவீதமாகக் குறைகிறதோ அதுதான் ஊடுருவல் ஆழம், லாம்டா. ஃபிரிட்ஸ் லண்டன், ஹைன்ஸ் லண்டன் என்ற சகோதரர்கள் 1935-இல் கொடுத்த சமன்பாடுகளிலிருந்து இது வருகிறது.

இந்தத் தூரத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை? லாம்டாவின் இருமடியைத் தலைகீழாக்கினால் கிடைப்பது மீகடத்தும் எலக்ட்ரான்களின் அடர்த்தி, அவற்றின் நிறையால் வகுக்கப்பட்டது. மாறுநிலை வெப்பநிலை, மீகடத்தல் எப்போது தொடங்குகிறது என்று மட்டும் சொல்கிறது. எத்தனை எலக்ட்ரான்கள் அதில் சேர்ந்திருக்கின்றன, சூடேறும்போது எப்படி உதிர்கின்றன என்பதை லாம்டாதான் சொல்கிறது.

குப்ரேட்டில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. செம்பு-ஆக்சிஜன் தளங்களில் மின்னோட்டம் எளிதாக ஓடும். தளத்துக்குத் தளம் தாவுவது கடினம். ஒய்பிசிஓ-வில் தளத்துக்குள் ஓடி வெளிப்புலத்தை மறைக்கும் திரை மின்னோட்டத்துக்கு லாம்டா சுமார் 100 முதல் 160 நானோமீட்டர். தளங்களுக்குக் குறுக்கே ஓடினால் அதுவே ஒரு மைக்ரோமீட்டர் அளவுக்குப் போகிறது. பிஸ்மத் 2212 என்ற இன்னொரு குப்ரேட்டில் குறுக்குத் திசை லாம்டா பல பத்து மைக்ரோமீட்டரையும் தாண்டும். இங்கே மாணவர்கள் பலர் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன்: 'சி அச்சின் லாம்டா' (சி அச்சு தளங்களுக்குச் செங்குத்தானது) என்றால் புலம் சி அச்சில் இருக்கிறது என்று பொருளல்ல, திரை மின்னோட்டம் சி அச்சில் ஓடுகிறது என்று பொருள். புலத்தை சி அச்சுக்கு இணையாக வைத்தால் மின்னோட்டம் தளத்துக்குள் சுற்றும். நீங்கள் அளப்பது தள லாம்டா. நேர்முகத் தேர்வில் இதைக் கேட்காத தேர்வாளர் குறைவு.

தேர்வுக்கு முன் கேட்க வேண்டியவை

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி: உங்களுக்கு லாம்டாவின் முழு மதிப்பு வேண்டுமா, அது வெப்பநிலையோடு மாறும் விதம் வேண்டுமா? இரண்டையும் ஒரே கருவி நன்றாகத் தருவது அபூர்வம்.

முழு மதிப்பு தேவைப்படும் இடம் தெளிவானது. 1989-இல் உவெமுரா குழுவினர் மியூவான் முறையில் பல குப்ரேட்களை அளந்து, குறைவாக ஊட்டமிட்ட (கலப்பால் மின்னூட்டத் துகள்களைச் சேர்ப்பது ஊட்டம்) பக்கத்தில் மாறுநிலை வெப்பநிலையும் மீகடத்தும் அடர்த்தியும் சேர்ந்தே ஏறுகின்றன என்று காட்டினார்கள். அந்தக் கோட்டில் உங்கள் சேர்மம் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டுமானால் முழு மதிப்பு இல்லாமல் முடியாது.

மாற்றம் தேவைப்படும் இடம் வேறு. எலக்ட்ரான் இணைகளை உடைக்கத் தேவைப்படும் ஆற்றல் இடைவெளி எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருந்தால், தாழ்வெப்பநிலையில் லாம்டா அசையாமல் கிடக்கும். சில திசைகளில் இடைவெளி பூச்சியமாகிவிட்டால், எவ்வளவு குளிர்வித்தாலும் அங்கே சில இணைகள் உடைந்துகொண்டே இருக்கும். லாம்டா வெப்பநிலையோடு நேர்கோட்டில் ஏறும். குப்ரேட்டில் டி அலை இணைவு (சில திசைகளில் இடைவெளி பூச்சியமாவது; எங்கும் ஒரே மாதிரி இருந்தால் எஸ் அலை) என்று இன்று எல்லோரும் சொல்வதற்கு இந்த நேர்கோடு ஒரு பெரிய தூண். அதைப் பார்க்க முழு மதிப்பைத் துல்லியமாக அறிய வேண்டியதில்லை. ஆனால் ஆங்ஸ்ட்ராம் (நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) கணக்கில் மாற்றத்தைப் பிடிக்க வேண்டும்.

இரண்டாவது, எவ்வளவு குளிர்விக்க முடியும்? திரவ நைட்ரஜன் மட்டும் இருக்கிற ஆய்வகத்துக்கு இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஒய்பிசிஓ-வுக்கு மாறுநிலை வெப்பநிலை 92 கெல்வின். 77 கெல்வின் என்பது அதில் 84 சதவீதம். அங்கே லாம்டா மாறுநிலையை நோக்கி வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும். இடைவெளியின் வடிவம் பற்றி ஒரு தகவலும் கிடைக்காது. பாதரசக் குப்ரேட்டின் 134 கெல்வினை எடுத்துக்கொண்டாலும் 77 என்பது பாதிக்கு மேல். நேர்கோடா, தட்டையா, வளைகோடா என்று பிரித்துச் சொல்ல மாறுநிலை வெப்பநிலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே, அதாவது 30 கெல்வினிலிருந்து ஹீலியம் வெப்பநிலை வரை தரவு வேண்டும். மூடிய சுழற்சிக் குளிர்விப்பான் 10 கெல்வின் வரை போனாலே வேலை தொடங்கலாம்.

மூன்றாவது, மாதிரி எந்த வடிவில் இருக்கிறது: அழுத்திச் சுட்ட பெல்லட்டா, பொடியா, ஒற்றைப் படிகமா, படலமா? நான்காவது, அளந்த எண்ணுக்கும் லாம்டாவுக்கும் நடுவே எத்தனை அனுமானங்கள் நிற்கின்றன? பணமும் நாட்களும் கடைசியில் தானாக வந்து நிற்கும்.

கீழ் மாறுநிலைப் புலம்: எளிதாகத் தெரிவது

அதிர்வு மாதிரி காந்தமானி கிடைத்தவுடன் பலரும் இங்கேதான் போகிறார்கள். புலத்தை ஏற்றிக்கொண்டே போனால் காந்தமாக்கம் எங்கே நேர்கோட்டை விட்டு விலகுகிறதோ அது கீழ் மாறுநிலைப் புலம். அதிலிருந்து சூத்திரம் போட்டால் லாம்டா. தள லாம்டா 150 நானோமீட்டர் என்றால் சூத்திரம் 40 மில்லிடெஸ்லாவுக்குச் சற்றுக் குறைவாகத் தரும்.

பெல்லட்டில் இது நம்பத்தகாதது. துகள்களுக்கு நடுவே உள்ள பலவீன இணைப்புகள் வழியாக அதைவிட மிகச் சிறிய புலத்திலேயே காந்தம் உள்ளே நுழைந்துவிடும். நீங்கள் அளப்பது துகள் எல்லையை, குப்ரேட்டை அல்ல. தட்டைப் படிகத்தில் விளிம்பில் புலம் பெருகும். மேற்பரப்புத் தடை வேறு நுழைவைத் தாமதப்படுத்தும். ஒன்று எண்ணைக் குறைக்கும், மற்றது கூட்டும். 'விலகும் புள்ளி' எது என்பதையும் கண்தான் முடிவு செய்கிறது. நல்ல ஒற்றைப் படிகத்தை நீள்கோள வடிவுக்குச் செதுக்கி அளக்கிறவர்களுக்கு இது பொருந்தும். மற்றவர்கள் வேறு முறையில் கிடைத்த லாம்டாவைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

திசைப்படுத்திய பொடியில் ஏசி ஏற்புத்திறன்: நம் ஊர் ஆய்வகத்துக்கு நெருக்கமானது

இந்த முறைக்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் லாந்தனம் குப்ரேட், பாதரசக் குப்ரேட் உட்படப் பலவற்றை இப்படி அளந்திருக்கிறார்கள்.

ஏசி ஏற்புத்திறன் என்பது, சிறிய மாறுதிசைக் காந்தப்புலத்தில் மாதிரி எவ்வளவு காந்தமாகிறது என்ற அளவு. அடிப்படை எளிது. ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள மீகடத்திக் கோளத்தில் புலம் 150 நானோமீட்டர் நுழைந்தால் ஏற்புத்திறனில் வரும் குறைவு இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. சாதாரணக் கருவியில் தெரியாது. அதையே அரைத்து 2 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள துகள்களாக்கினால் குறைவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. கண்ணுக்கு நேராகத் தெரியும் அளவு. துகளைக் கோளமாக எடுத்துக்கொண்டு ஷோன்பெர்க்கின் சூத்திரத்தில் ஆரத்தைக் கொடுத்தால் லாம்டா வந்துவிடும்.

செய்முறையில் கவனம் வேண்டிய இடம் ஒவ்வொன்றையும் சொல்கிறேன். பெல்லட்டை அகேட் கலுவத்தில் அரைக்கிறோம். எங்கள் பக்கத்து ஈரக்காற்றில் ஒய்பிசிஓ பொடி வெளியே கிடந்தால் மேற்பரப்பு சிதைந்து பேரியம் கார்பனேட் உண்டாகும். பொடியாக்கும்போது மேற்பரப்பு பல மடங்கு பெருகுவதால் ஆபத்தும் பல மடங்கு. அரைத்த பிறகு மறுபடி ஆக்சிஜன் ஓட்டத்தில் 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரையில் பதப்படுத்துவது நல்லது. ராத்திரி ஓடும் உலையில் கரண்ட் போய்விட்டால் ஆக்சிஜன் அளவு எங்கே நின்றது என்று சொல்ல முடியாது. உலையின் வெப்பநிலைப் பதிவு இல்லாத பொடியை அளவுக்கு எடுக்காதீர்கள். யுபிஎஸ் இல்லாவிட்டாலும் பதிவுக்கருவியாவது ஓடட்டும்.

அப்புறம் பொடியை எப்பாக்சிப் பிசினில் கலந்து, பிசின் இறுகும்வரை வலுவான காந்தப்புலத்தில் வைக்கிறோம். அறை வெப்பநிலையிலேயே ஒய்பிசிஓ துகள் ஒவ்வொன்றும் தன் சி அச்சைப் புலத்தின் பக்கம் திருப்பிக்கொள்ளும். மறைந்திருக்கும் செலவு இங்கேதான். சிறு துகளைத் திருப்ப வலுவான புலம் வேண்டும். கல்லூரி மின்காந்தத்தின் ஒன்றரை டெஸ்லா போதாமல் போகலாம். மீகடத்திக் காந்தம் இருக்கிற பெரிய ஆய்வகத்தில் ஒரு நாள் இடம் கேட்க வேண்டிவரும். திருப்பம் சரியா என்று எக்ஸ்ரே விளிம்பு விளைவால் பார்க்க வேண்டும். பெரிய துகள் ஒவ்வொன்றும் ஒற்றைப் படிகமாக இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. பல படிகங்கள் ஒட்டிய துகள் எந்தப் பக்கமும் முழுதாகத் திரும்பாது.

துகள் அளவுக்கு எலக்ட்ரான் நுண்நோக்கி. இதற்கும் எக்ஸ்ரேவுக்கும் காரைக்குடியில் இருப்பவர்கள் தூரம் போக வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) இங்கேயே இருக்கிறது. அழகப்பா பல்கலைக்கழகமும் பக்கத்தில். முறையாக விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, வரிசையில் நின்றால் வேலை நடக்கும். நூற்றுக்கணக்கான துகள்களைப் படத்தில் எண்ணி, சராசரி ஆரம் மட்டும் எடுக்காமல் முழுப் பரவலையும் எடுக்க வேண்டும். பருமன் ஆரத்தின் மும்மடி என்பதால், நூற்றில் ஐந்து பெரிய துகள்கள் கணக்கையே மாற்றிவிடும்.

கடைசியாக, துகள்கள் ஒன்றோடொன்று மின்தொடர்பு இல்லாமல் இருக்கின்றனவா என்று சோதிக்க வேண்டும். ஏசி புலத்தின் அளவையும் அதிர்வெண்ணையும் மாற்றிப் பாருங்கள். ஏற்புத்திறன் மாறாமல் நின்றால் சரி. மாறினால் பலவீன இணைப்பு இருக்கிறது, பிசினில் பொடி அதிகம்.

இவ்வளவும் சரியாகச் செய்தால் வெப்பநிலையோடு மாறும் விதம் நம்பகமாகக் கிடைக்கும். முழு மதிப்பில் பத்து, இருபது சதவீதப் பிழைக்குத் தயாராக இருங்கள். அது துகள் அளவிலிருந்து வருகிறது. புலத்தை தளத்துக்கு இணையாக வைத்து மறுபடி அளந்தால் குறுக்குத் திசை லாம்டாவும் கையில் வரும். அது பெரிய லாபம்.

டனல் டையோடு ஆசிலேட்டர்: மாற்றத்தைப் பிடிப்பதில் கெட்டி

மின்சுற்று தெரிந்த மாணவருக்கு இது பிடித்துப்போகும். எதிர்மின்தடைப் பகுதியில் இயங்கும் டனல் டையோடு ஒரு சுருள்-மின்தேக்கிச் சுற்றை 10 மெகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் ஓயாமல் அதிரச் செய்கிறது. சுருளுக்குள் நீலக்கல் தண்டின் நுனியில் கொஞ்சம் கிரீஸ் வைத்து ஒட்டிய படிகம். சூடேறி லாம்டா ஒரு ஆங்ஸ்ட்ராம் கூடினால் சுருளின் தூண்டல் இம்மி மாறி, அதிர்வெண் நகரும். வான் டிகிரிஃப்ட் 1975-இல் வளர்த்தெடுத்த இந்தச் சுற்று, நூறு கோடியில் ஒரு பங்கு மாற்றத்தையும் காட்டக்கூடியது.

உதிரிப்பொருள் விலை அதிகமில்லை. செலவெல்லாம் நிலைத்தன்மையில். டையோடு, சுருள், உறை எல்லாம் மில்லிகெல்வின் கணக்கில் ஒரே வெப்பநிலையில் நிற்க வேண்டும். மாதிரி மட்டும் தனியே சூடாக வேண்டும். மூடிய சுழற்சிக் குளிர்விப்பானின் அதிர்வு சுருளை ஆட்டினால் தரவு இரைச்சலாகிவிடும். ஆறு மாதம் இதற்கே போகலாம். முனைவர் பட்டத்துக்கு அது நியாயமான முதலீடு, முதுகலைத் திட்டத்துக்கு அல்ல.

முழு மதிப்பை இது நேராகத் தராது. படிகத்தின் மேல் அலுமினியப் படலம் பூசி ஒரு சுற்றுவழி செய்யலாம். 1.2 கெல்வினுக்குக் கீழே அலுமினியமும் மீகடத்தியாகிப் புலத்தை மறைக்கும். அது சாதாரண உலோகமாகும்போது அதிர்வெண் ஒரு படி தாவும். அந்தப் படியின் உயரத்திலிருந்து உள்ளே உள்ள குப்ரேட்டின் லாம்டாவைக் கணக்கிடலாம். ஆனால் 1.2 கெல்வினுக்குக் கீழே போகும் வசதி வேண்டும்.

ஒரு பொறியைத் தனியாகச் சொல்ல வேண்டும். எலக்ட்ரான் ஊட்டமிட்ட நியோடிமியம் குப்ரேட்டை அளந்தபோது தாழ்வெப்பநிலையில் லாம்டா தட்டையாகத் தெரிந்தது. எஸ் அலை என்று வாதம் எழுந்தது. நியோடிமியம் அயனிக்குச் சொந்தக் காந்தத் திருப்புத்திறன் உண்டு. குளிரக் குளிர அந்தப் பாராகாந்தம் கூடி, லாம்டாவின் உண்மை மாற்றத்தை ஈடுகட்டி மறைத்துவிடும். நியோடிமியத்துக்குப் பதில் பிரசியோடிமியம் வைத்த சேர்மத்தில் இந்தத் தொந்தரவு குறைவு. உங்கள் குப்ரேட்டில் காந்த அயனி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இந்த முறைக்கு வாருங்கள். ஏசி ஏற்புத்திறனுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மைக்ரோவேவ் ரெசனேட்டர்

படிகத்தை மைக்ரோவேவ் ஒத்ததிரும் குழிக்குள் வைத்து, ஒத்ததிர்வு அதிர்வெண் நகர்வதிலிருந்து லாம்டா மாற்றத்தைப் பிடிக்கும் முறை இது. நேர்கோட்டை உலகுக்குக் காட்டியது இதுதான். 1993-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹார்டி குழுவினர், ஆக்சிஜன் 6.95 அளவுள்ள ஒய்பிசிஓ படிகத்தில், தாழ்வெப்பநிலையில் ஒவ்வொரு கெல்வினுக்கும் சுமார் 4 ஆங்ஸ்ட்ராம் வீதம் லாம்டா நேராக ஏறுவதைக் கண்டார்கள். அதற்கு முன் படலங்களில் அளந்தவர்களுக்கு வெப்பநிலையின் இருமடியாக மாறும் வளைகோடுதான் கிடைத்திருந்தது. ஹிர்ஷ்ஃபெல்டும் கோல்டன்ஃபெல்டும் அதே ஆண்டில் காரணம் சொன்னார்கள்: டி அலையிலும் மாசு இருந்தால் தாழ்வெப்பநிலையில் நேர்கோடு இருமடிக் கோடாக வளையும். பிறகு செம்பில் 0.3 சதவீதத் துத்தநாகம் கலந்த படிகத்திலேயே நேர்கோடு மறைந்து இருமடி வந்தது.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஆயிரத்தில் மூன்று அணு மாறினால் போதும், நீங்கள் காணும் விதியே மாறிவிடுகிறது. அந்தக் குழுவின் வெற்றிக்குக் கருவி பாதி என்றால் படிகம் மறுபாதி. எந்தக் கலத்தில் உருக்குகிறோம், அதன் சுவர் எவ்வளவு கரைந்து படிகத்துக்குள் போகிறது என்று ஆண்டுக்கணக்கில் போராடி, கடைசியில் பேரியம் சிர்க்கோனேட் கலத்துக்கு மாறினார்கள். பெல்லட்டை வைத்துக்கொண்டு நேர்கோட்டைத் தேடுவது வீண்.

மைக்ரோவேவ் முறை லாம்டா மாற்றத்தோடு மேற்பரப்பு மின்தடையையும் தருகிறது. உடைந்த இணைகள் எவ்வளவு தூரம் மோதாமல் ஓடுகின்றன என்பது அதில் தெரியும். நல்ல படிகமும், ஹீலியமும், மீகடத்திப் பூச்சுள்ள ரெசனேட்டரும் இருக்கிற இடத்தில் இதுவே சிறந்தது. இங்கே உட்கார்ந்து தொடங்க இயலாது; கூட்டு ஆய்வாகத்தான் முடியும்.

மியூவான்: முழு மதிப்புக்கு வலுவானது

நேர்மின் மியூவான்கள் (எலக்ட்ரான் குடும்பத்தைச் சேர்ந்த கனமான, குறுகிய ஆயுள் துகள்கள்) ஒரே திசையில் தற்சுழற்சி திரும்பியபடி வருகின்றன. மாதிரிக்குள் நின்று, உள்ளூர்ப் புலத்துக்கேற்பத் தற்சுழற்சி சுழல்கிறது. ஒரு டெஸ்லாவுக்கு நொடிக்குச் சுமார் 13.5 கோடி சுற்று. 2.2 மைக்ரோநொடி சராசரி ஆயுள் முடிந்து சிதையும்போது வெளிவரும் பாசிட்ரான் (நேர்மின் எலக்ட்ரான்) பெரும்பாலும் தற்சுழற்சியின் திசையில் பறக்கிறது. பாசிட்ரான்களை எண்ணினால் உள்ளே புலம் எப்படிப் பரவியிருக்கிறது என்று தெரியும்.

மாறுநிலைக்கு மேலிருந்து புலத்தோடு குளிர்வித்தால் காந்தப்புலம் சுழல்களாக உள்ளே வரிசை கட்டி நிற்கும். சுழலின் மையத்தில் புலம் அதிகம், இடையில் குறைவு. இந்த ஏற்ற இறக்கத்தின் அகலம் லாம்டாவின் இருமடிக்கு எதிர்விகிதம். மேற்பரப்பு பழுதாக இருந்தாலும் பாதகமில்லை, மியூவான் ஆழத்தில் நிற்கிறது. பெல்லட்டும் போதும். திசை கலந்த பெல்லட்டில் கிடைக்கும் லாம்டா, தள லாம்டாவைப் போல 1.31 மடங்கு என்று குப்ரேட்டுக்குக் கணக்கு இருக்கிறது. அதை வகுத்துக்கொள்ள மறக்காதீர்கள்.

இதற்கென்று உலகில் இடங்கள் சில: சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனம், கனடாவின் டிரையம்ஃப், இங்கிலாந்தின் ஐசிஸ், ஜப்பானின் ஜேபார்க். இந்திய ஆய்வாளர்கள் ஐசிஸுக்குப் போய் அளந்துவருகிறார்கள். விண்ணப்பம் எழுத வேண்டும், நிபுணர் குழு ஏற்க வேண்டும், கிடைப்பது சில நாட்கள். விசா, பயணம், மாதிரி எடுத்துப்போகும் காகித வேலை எல்லாம் சேர்த்தால் கேள்விக்கும் தரவுக்கும் நடுவே ஒரு வருடம் ஓடிவிடும். திரும்பி வந்தபின் ஒரு வெப்பநிலைப் புள்ளி விட்டுப்போனது தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

அனுமானமும் சும்மா இல்லை. சுழல்கள் ஒழுங்காக அணிவகுத்திருப்பதாக எடுத்துக்கொள்கிறோம். பெல்லட்டில் குறைபாடுகள் சுழலை இழுத்துக் கட்டிவைக்கும். அகலம் அதனாலும் கூடும். தொடக்ககாலப் பல்படிக அளவுகளில் தாழ்வெப்பநிலையில் தட்டையான கோடு கிடைத்து, சாதாரண எஸ் அலை என்றே சொல்லப்பட்டது. 1994-இல் சோனியர் குழுவினர் நல்ல ஒற்றைப் படிகத்தில் மறுபடி அளந்து நேர்கோட்டைக் கண்ட பிறகுதான் மைக்ரோவேவும் மியூவானும் ஒரே பேச்சுக்கு வந்தன. ஆகவே பெல்லட் மியூவான் தரவிலிருந்து இடைவெளியின் வடிவம் பற்றிப் பேசாதீர்கள். ஊட்டத்தோடு மீகடத்தும் அடர்த்தி எப்படி மாறுகிறது என்று பேசுங்கள். அதில் இது வலுவானது.

பால் ஷெரர் நிறுவனத்தில் வேகம் குறைத்த மியூவான்களும் உண்டு. ஆற்றலை மாற்றினால் மேற்பரப்பிலிருந்து சில நானோமீட்டர் முதல் நூறு, இருநூறு நானோமீட்டர் வரை வேண்டிய ஆழத்தில் நிறுத்தலாம். புலம் தேய்வதையே நேராகப் பார்க்கலாம். ஒய்பிசிஓ படிகத்தில் 2010-இல் இப்படி ஏ அச்சுக்கு 126, பி அச்சுக்குச் சுமார் 106 நானோமீட்டர் என்று அளந்தார்கள். சுழல் பற்றிய அனுமானமே தேவையில்லை. வழவழப்பான பரப்பு வேண்டும், அவ்வளவே. ஆனால் வரிசை மிக நீளம்.

இரட்டைச் சுருள்: படலம் இருந்தால் மட்டும்

படலத்தின் ஒரு பக்கம் ஓட்டும் சுருள், மறுபக்கம் பிடிக்கும் சுருள். படலம் மறைத்தது போக ஊடுருவி வரும் புலத்திலிருந்து லாம்டாவின் முழு மதிப்பும் மாற்றமும் சேர்ந்தே கிடைக்கும். புரூக்ஹேவனில் போசோவிச் குழுவினர் அளவுக்கு மீறி ஊட்டமிட்ட லாந்தனம்-ஸ்ட்ரான்ஷியம் குப்ரேட்டில் 2000-க்கும் மேற்பட்ட படலங்களை இதே வழியில் அளந்து, ஊட்டம் கூடக்கூட மீகடத்தும் அடர்த்தி எதிர்பாராமல் குறைந்துகொண்டே போவதை 2016-இல் வெளியிட்டார்கள். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலும் இரட்டைச் சுருளால் நையோபியம் நைட்ரைடு படலங்களை அளந்திருக்கிறார்கள்.

சுருளைவிடப் படலம் அகலமாக இருக்க வேண்டும், விளிம்பைச் சுற்றிக் கசியும் புலத்தைக் கழிக்க வேண்டும், தடிமனைத் துல்லியமாக அறிய வேண்டும். சுருளை ஆய்வகத்திலேயே சுற்றிக்கொள்ளலாம். படலம் செய்யும் லேசர் அமைப்பு பக்கத்தில் இருந்தால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஒரே பார்வையில்

| முறை | முழு மதிப்பு | வெப்பநிலை மாற்றம் | ஏற்ற மாதிரி | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| கீழ் மாறுநிலைப் புலம் | தோராயம் | பலவீனம் | செதுக்கிய படிகம் | மேற்பரப்புத் தடை, துகள் எல்லை |
| திசைப்படுத்திய பொடி | 10–20% பிழை | நன்று | நுண்பொடி | வலுவான காந்தம், துகள் எண்ணிக்கை |
| டனல் டையோடு | நேராக இல்லை | மிக நன்று | சிறு படிகம் | கட்டமைக்க மாதங்கள் |
| மைக்ரோவேவ் | நேராக இல்லை | மிக நன்று | உயர்தரப் படிகம் | படிக வளர்ப்பு, ஹீலியம் |
| மியூவான் | நன்று | படிகத்தில் நன்று | பெல்லட், படிகம் | விண்ணப்பம், காத்திருப்பு |
| இரட்டைச் சுருள் | நன்று | நன்று | அகலமான படலம் | தடிமன், விளிம்புக் கசிவு |

யாருக்கு எது

முதுகலைத் திட்டம், ஆறு மாதம், திரவ நைட்ரஜன் மட்டும் என்றால் ஊடுருவல் ஆழத்தைத் தலைப்பில் வைக்காதீர்கள். நைட்ரஜனை வெளியூரிலிருந்து டிவாரில் கொண்டுவந்து, ஆவியாகிக் குறைவதற்குள் அளந்து முடிக்கிற அவசரத்தில் இந்த வேலை நடக்காது. துகள் அளவு மாறினால் ஏசி ஏற்புத்திறன் எப்படி மாறுகிறது என்று காட்டுங்கள். அது நேர்மையான வேலை, பின்னால் வருகிறவருக்கு அடித்தளமும் ஆகும்.

முனைவர் பட்ட மாணவர், பெல்லட் நன்றாகச் செய்யத் தெரியும், 10 கெல்வின் குளிர்விப்பான் இருக்கிறது என்றால் திசைப்படுத்திய பொடிதான். ஊட்டத்தை மாற்றி நாலைந்து மாதிரிகள் செய்து, எல்லாவற்றிலும் ஒரே கையால் துகள் எண்ணி அளந்தால், முழு மதிப்பில் பிழை இருந்தாலும் மாதிரிக்கு மாதிரி ஒப்பிடுவது உறுதியாக நிற்கும். நடுவில் மியூவானுக்கும் விண்ணப்பியுங்கள். கிடைத்தால் இரண்டாம் ஆண்டில் ஒரே ஒரு மாதிரியின் முழு மதிப்பு உறுதியாகும். அதை வைத்து மற்றவற்றின் அளவுகோலைச் சரிசெய்துகொள்ளலாம். இரண்டு முறையும் ஒன்றையொன்று தாங்கும் இந்தச் சேர்க்கை எனக்கு மிகவும் பிடித்தது.

குறுக்குத் திசையில் ஆர்வமா? பொடியோடு நில்லுங்கள், அல்லது ஸ்குவிட் (மிக நுண்ணிய காந்தப்புல உணர்வி) நுண்நோக்கி இருக்கும் குழுவைத் தேடுங்கள். தாலியம் 2201 என்ற குப்ரேட்டில் தளங்களுக்கு நடுவே சிக்கிய சுழல்களை 1998-இல் மோலர் குழுவினர் அப்படிப் படமெடுத்து, குறுக்கு லாம்டா சுமார் 20 மைக்ரோமீட்டர் என்று காட்டினார்கள். தளத்துக்குத் தளம் தாவுவதால்தான் மீகடத்தல் வருகிறது என்ற இயற்பியலாளர் ஆண்டர்சனின் கருத்து கேட்ட மதிப்பைவிட அது பல மடங்கு பெரிது. ஒரு தூரத்தை அளந்ததால் ஒரு கோட்பாடு ஆட்டம் கண்டது. இந்தத் துறையில் இறங்குகிற மாணவருக்கு நான் முதலில் படிக்கக் கொடுக்கும் அளவு இதுதான்.

எந்த வழி போனாலும், ஒரே உலைச் சூட்டில் வந்த பெல்லட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை அளவுக்கு அனுப்பி, மறுபாதியை ஆர்கான் நிரப்பிய குழாயில் சிலிக்கா ஜெல்லோடு மூடிவைத்து, ஆக்சிஜன் அளவு, எக்ஸ்ரே, மாறுநிலை வெப்பநிலை மூன்றையும் அன்றைய தேதியோடு எழுதி ஒட்டிவிடுங்கள். ஒரு வருடம் கழித்து மியூவான் தரவு வரும்போது, அளந்த பாதியும் வைத்திருந்த பாதியும் இன்னும் ஒன்றுதானா என்று அந்தத் துண்டை மறுபடி சோதித்துவிட்டு எழுத உட்காருங்கள்.